நாள் முழுக்க வீட்டில இருக்கிற ஆக்கள் என்ன செய்யிறியள்?

மூன்றாம்மாடி, வெள்ளவத்தை:

எனக்கு லூபஸ், உடம்பின்ர எதிர்ப்புச் சக்தி தன்ர உடம்பையே தாக்கிற வருத்தம். கோட்டையில ஒரு கம்பனியில கணக்குப் பகுதியில இருந்தனான், வருசக் கடைசியில ஓடிட்டர்மார் வந்தால் இரவு ஒன்பது மணி வரைக்கும் கதிரையை விட்டு எழும்பாத ஆள். இப்ப வேலையை விட்டாச்சு. காலமை மகள் பள்ளிக்கூட வானில ஏறிடுவாள், ஏழு மணிக்கு இவர் வெளிக்கிட்டிடுவார். ரெண்டு மணிக்கு மகள் திரும்பி வருமட்டும் நானும் இந்த ஃப்ளாட்டும்தான். அந்த நேரத்தைப் பற்றித்தான் கேக்கிறன்.

யோசனைக்குப் பஞ்சமில்லை. வருத்தம் பார்க்க வாற ஒவ்வொருத்தரும் ஹோர்லிக்ஸ் போத்தலோட சேர்த்து ஒரு யோசனையும் தந்திட்டுத்தான் போகினம். கனடா மச்சாள் பின்னல் ஊசியும் நூலும் அனுப்பினா. காலமையில என்ர விரல் மடங்காது, தேத்தண்ணிக் கோப்பையையே ரெண்டு கையாலயும்தான் பிடிக்கிறன், இதில எங்க பின்னுறது. மாமி சீரியல் பார்க்கச் சொன்னா. அதில ஒருத்தி மருமகளின்ர பாலில மருந்து கலக்கிறதை ரெண்டு கிழமையா இழுக்கிறாங்கள். எனக்கு என்ர மருந்தே காணும். இவர் ஒன்லைன் கோர்ஸ் ஒண்டுக்குக் காசு கட்டிவிட்டார். தலை தெளிவா இருக்கிற நாளில அது லேசு. தலைக்குள்ள பனிமூட்டம் மாதிரிப் புகார் இறங்கின நாளில, இருபது வருசமாப் போட்ட கணக்கே எந்தப் பக்கம் பற்று எந்தப் பக்கம் வரவு எண்டு தடுமாறுது. நாவல் எடுத்தால் ஒரே பந்தியையே சுத்திச் சுத்தி வாசிக்கிறன்.

பாதி பின்னின சால்வை, பாதி படிச்ச கோர்ஸ், பாதி வாசிச்ச நாவல். அலுமாரி முழுக்கப் பாதிதான். இண்டைக்கு ஏலும், நாளைக்கு ஏலாது, நாளையிண்டைக்கு என்னெண்டு சொல்லத் தெரியாது. நடுவில விட்டாலும் பழுதாகாத சாமான் ஏதும் இருக்கா எண்டதுதான் கேள்வி. வெயில் கூடாது. காசு பெரிசாச் செலவழிக்க ஏலாது. லிஃப்ட் அடிக்கடி வேலைசெய்யாததால கீழ இறங்கச் சொல்லாதேங்கோ.

மனதைத் தைரியமா வைச்சிருங்கோ எண்டும் எழுதாதேங்கோ, புண்ணியமாப் போகும்.


நல்லதே_நடக்கும்:

அக்கா, எல்லாம் மனம்தான் காரணம். காலையில 5 மணிக்கு எழும்பி மொட்டைமாடியில இளவெயில்ல நில்லுங்க. பொசிட்டிவா இருங்க. மஞ்சள் பால் குடிங்க.


மூன்றாம்மாடி:

தம்பி, வெயில் எனக்குக் கூடாது எண்டு மேலேயே எழுதியிருக்கிறன். மஞ்சள் பாலுக்கு நன்றி.


துறைமுகத்தடி, பம்பலப்பிட்டி:

பிள்ளை, உமக்கு யன்னலால கடல் தெரியுமோ? தெரிஞ்சால் மேற்கொண்டு வாசியும். தெரியாட்டி அடுத்த ஆளின்ர பதிலுக்குப் போம்.

நான் கப்பல் ஏஜென்சி ஒண்டில வார்ஃப் கிளார்க்கா இருந்து ஓய்வெடுத்தவன். இப்ப இருதயம் பலவீனம், பத்துப் படி ஏறினால் மூச்சு வாங்குது. பகல் முழுக்க எனக்குக் கப்பல்தான். போனில மரின் ட்ரஃபிக் எண்டு ஒரு செயலி இருக்கு, இலவசமா எடுக்கிறதே போதும். வெளிநாட்டுக்கு ஓடுற 300 தொன்னுக்கு மேற்பட்ட கப்பல் எல்லாம் ஏஐஎஸ் எண்ட கருவியைப் பூட்டியிருக்க வேணும் எண்டு சர்வதேசச் சட்டம். அது தன்ர பெயர், இருக்கிற இடம், வேகம், போற துறைமுகம் எல்லாத்தையும் விடாமல் அறிவிச்சுக்கொண்டே இருக்கும். நீர் யன்னலால ஒரு புள்ளியைக் காணுறீர். போனைத் தட்டினால் அது லைபீரியாக் கொடி, சிங்கப்பூரில இருந்து வருது, கொழும்பில இடம் கிடைக்குமட்டும் நங்கூரம் போட்டு நிக்குது எண்டு தெரிஞ்சிடும்.

உம்மட மூண்டாம் மாடி ஏறக்குறைய 10 மீற்றர் உயரம் எண்டு வைப்பம். அந்த உயரத்துக்கு அடிவானம் 11 கிலோமீற்றர் அளவில. அதுக்கு அங்கால நிக்கிற கப்பலின்ர அடிப்பாகம் மறைஞ்சு, மேல்தட்டும் கொள்கலன் அடுக்கும் மட்டும் தண்ணியில மிதக்கிற மாதிரித் தெரியும். முதல் முதல் பார்க்கிற ஆக்கள் கப்பல் தாழுது எண்டு நினைப்பினம்.

கொடியைப் பார்த்து ஏமாறாதேயும். லைபீரியா, பனாமா, மார்ஷல் தீவுகள் எண்டு மூண்டு கொடியைத்தான் அடிக்கடி காணுவீர். உண்மையான சொந்தக்காரன் கிரேக்கத்திலயோ சீனாவிலயோ இருப்பான். கப்பல் கைமாறினால் பெயரும் மாறும், கொடியும் மாறும், ஆனால் 7 இலக்க ஐஎம்ஓ எண் எண்ட அடையாள எண் மட்டும் பிறந்ததில இருந்து உடைக்கிற வரைக்கும் மாறாது. நான் ஒரு கொப்பியில அந்த எண்ணைத்தான் எழுதுறன். பழைய ஆள் புதுப் பெயரில திரும்பி வந்தால் கண்டுபிடிச்சிடுவன். அதில ஒரு சந்தோசம்.

2024 மார்ச்சில அமெரிக்காவின்ர பால்டிமோரில பாலத்தை இடிச்சு விழுத்தின டாலி எண்ட கப்பல் எங்க வர வெளிக்கிட்டது தெரியுமோ? கொழும்புக்குத்தான். செங்கடலில அடிபாடு எண்டு ஆபிரிக்காவைச் சுத்தி வரவிருந்தது. அந்தக் கிழமை முழுக்க எனக்குப் பொழுது போனதே தெரியாது.

வைகாசியில இருந்து புரட்டாதி மட்டும் தென்மேற்குக் காற்று, கடல் கொதிச்சபடி இருக்கும். அப்ப பார்க்க வேணும், கப்பலுக்கு வழிகாட்டிற ஆளை ஏத்திக்கொண்டு போற பைலட் படகு படுற பாட்டை. ரெண்டு நாள் படுத்துக் கிடந்திட்டு வந்து பார்த்தாலும் கடல் ஒண்டும் கோவிக்காது, புதுக் கப்பல் நிக்கும்.


ஆமைவேகம், தெஹிவளை:

அக்கா, எனக்கு 2021 இல கொவிட் வந்து அதுக்குப் பிறகு எழும்பவே இல்லை. எம்ஈ, அதாவது நாட்பட்ட களைப்பு வருத்தம் எண்டு சொன்னாங்க. வயசு 26. லூபஸும் இதும் ஒண்டில்லை, அதால என்ர அனுபவத்தை அப்படியே எடுக்க வேணாம். எங்களுக்குக் களைச்ச பிறகு ஓய்வெடுத்து சரிவராது, அடி அடுத்த நாளோ அதுக்கு அடுத்த நாளோதான் விழும். பிரிட்டனில நைஸ் எண்ட அமைப்பு 2021 இல போட்ட வழிகாட்டியில, படிப்படியா உடற்பயிற்சியைக் கூட்டுற சிகிச்சையை எம்ஈ ஆக்களுக்குக் குடுக்க வேணாம் எண்டே எழுதியிருக்கு. லூபஸுக்கு டொக்டர்மார் மாறித்தான் சொல்லுவாங்க, அளவா நடக்கச் சொல்லுவாங்க. நீங்க உங்கட கிளினிக்கைக் கேளுங்க.

பொழுதுபோக்குக்கு வாறன். லிசெஸ் எண்ட செஸ் தளம். இலவசம், விளம்பரமே இல்லை. அதில கடித ஆட்டம் மாதிரி ஒண்டு இருக்கு, ஒரு காய் நகர்த்த 1 நாளில இருந்து 14 நாள் வரைக்கும் எடுக்கலாம். நான் 14 நாள் வைப்பன். நல்லா இருக்கிற நாளில போய் ஒரு குதிரையைத் தட்டிவிட்டுட்டுப் படுத்திடுவன். மற்றப் பக்கம் இருக்கிறவருக்கு நான் நோயாளி எண்டு தெரியாது, யோசிக்கிறான் எண்டு நினைப்பார். அது எனக்குப் பிடிச்சிருக்கு.

கண் திறக்க ஏலாத நாளில டெஸ்ட் மட்ச் கொமென்ட்ரி. அஞ்சு நாள் ஓடும், நடுவில ஒரு செஷன் நித்திரை கொண்டாலும் எங்கட அணி மெத்தியூஸ் அவுட் ஆகாம அப்படியே நிண்ட காலம் ஒண்டு இருந்தது. டி20 எங்களுக்குச் சரிவராது, கொமென்ட்ரி சொல்லுறவன் கத்துற கத்தில நெஞ்சு அடிக்கும்.

கோர்ஸை விடுங்க. காசு போனாலும் பரவாயில்லை. அது உங்களைப் பழைய ஆளா ஆக்கப் பார்க்குது. வீட்டாக்கள் அன்பாத்தான் செய்றாங்க, ஆனா ஒவ்வொரு கிழமையும் எத்தினையாவது பாடம் எண்டு கேட்டா அது பொழுதுபோக்கில்ல, சோதனை.


வல்லாரை, தெமட்டகொட:

அஸ்ஸலாமு அலைக்கும் எல்லாருக்கும். தங்கச்சி, எனக்கு கிட்னி மாத்தினது. தம்பிதான் தந்தான், அல்ஹம்துலில்லாஹ். மாத்தின உறுப்பை உடம்பு தள்ளிடக்கூடாதெண்டு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மருந்து குடிக்கிறதால சனக் கூட்டத்துக்குப் போறதில்ல, கலியாண வீடெல்லாம் வீடியோவிலதான்.

நான் செய்ற ரெண்டு விசயம் சொல்றேன்.

ஒண்ணு பொன்னாங்காணி. சந்தையில ஒரு கட்டு வாங்கிட்டு வரச் சொல்லுங்க. இலையைச் சுண்டினாப் பிறகு கணு உள்ள தண்டுகளைக் குப்பையில போடாம, ஜாம் போத்தல்ல தண்ணி ஊத்தி நட்டு வைங்க. கணுவில இருந்து வெள்ளையா வேர் வரும். வெயில் நேராப் படணும்னு இல்ல, வெளிச்சம் இருந்தாப் போதும். ஆனா தண்ணியை ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்கா மாத்தி, போத்தலோட உள்பக்கத்தையும் தேச்சுக் கழுவணும். டெங்கு நுளம்பு தண்ணி மட்டத்துக்கு மேல, போத்தல் சுவரிலதான் முட்டையை ஒட்டும், சும்மா ஊத்தி மாத்தினாப் போகாது. பீஎச்ஐ, அதான் சுகாதாரப் பரிசோதகர், வந்து கண்டா கேஸ் போடுவார், எங்க ஒழுங்கையில ஒரு வீட்டுக்குப் போட்டிருக்கு.

மண்ணுல நடப் போனீங்கண்டா கையுறை கட்டாயம். உரப் பையை முகத்துக்கிட்ட வச்சுப் பிரிக்க வேணாம், மாஸ்க் போடுங்க. மெலியோய்டோசிஸ் எண்டு ஒரு கிருமி வருத்தம் நம்ம நாட்டு மண்ணுலயும் தேங்கின தண்ணியிலயும் இருக்கு. சீனி வருத்தக்காரருக்கும் கிட்னிக்காரருக்கும் கடுமையா வரும். நீங்களும் ஸ்டீரொயிட் குடிக்கிறீங்க போல, உங்க டொக்டர்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத் தொடுங்க.

மத்தது, புத்தளத்துல என் ராத்தாவோட வட்ஸ்அப்ல குரல் போட்டுப் பேசுறது. கோல் எடுக்கிறதில்ல. கோல்ண்டா அவ எடுக்கிற நேரம் எனக்கு ஏலாது, எனக்கு ஏலுற நேரம் அவ சமைப்பா. குரலைப் போட்டு வச்சா அவ சுபஹுக்குப் பிறகு கேப்பா, நான் லுஹருக்குப் பிறகு பதில் போடுவேன். உம்மா செஞ்ச வட்டிலப்பத்துக்கு எத்தன முட்டை எண்டு ரெண்டு பேரும் இன்னும் சண்டை முடியல்ல.

அந்தக் கப்பல் பார்க்கிற ஐயாவுக்கு ஒரு விசயம். யன்னல் கண்ணாடி வெயிலை மறைக்கும் எண்டு நினைச்சுத் தங்கச்சியை உக்கார வைக்காதீங்க. சாதாரணக் கண்ணாடி யூவீபி கதிரைத்தான் பெருசா மறிக்கும், யூவீஏ உள்ள வந்துரும். எங்களுக்கும் தோல் விசயத்துல இதைச் சொல்லித்தான் அனுப்பினாங்க. கடல் மேற்குலதானே, காலைல அந்தப் பக்கம் நேர் வெயில் வராது, அப்ப பாருங்க. பின்நேரம் திரையை இழுத்துடுங்க.


துறைமுகத்தடி:

சகோதரி சொன்னது சரி. நான் முப்பது வருசம் தொப்பி இல்லாமல் ஜெட்டியில நிண்டவன், அந்தப் புத்தி. பிள்ளை, மத்தியானத்தோட கப்பலை மூடும்.


ஒப்புநோக்கு, கொட்டாஞ்சேனை:

வணக்கம். நான் தமிழ்ப் பத்திரிகை ஒன்றில் ஒப்புநோக்குநராக, அதாவது அச்சுக்குப் போகுமுன் பிழை திருத்துபவராக இருந்தவன். சீனி வருத்தத்தில் இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. சக்கர நாற்காலியும் மடிக்கணினியும்தான்.

அம்மா, உங்கள் கேள்வியைக் கொஞ்சம் வேறு மாதிரி வாசித்தேன். நடுவில் விட்டாலும் பழுதாகக் கூடாது என்கிறீர்கள். இங்கே சொன்னவை எல்லாம் அதற்குப் பொருந்தும். ஆனால் கணக்குப் பகுதியில் இருந்தவர் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பிழை பிடிப்பது உங்கள் தொழில். அந்தக் கண்ணை என்ன செய்யப் போகிறீர்கள்?

தமிழ் விக்கிமூலம் என்று ஒன்று இருக்கிறது. பதிப்புரிமை தீர்ந்த நூல்களையும், நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களையும் ஸ்கான் செய்து ஏற்றி வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் திறந்தால் ஒரு புறம் அந்தத் தாளின் படம், மறு புறம் கணினி வாசித்து எழுதிய எழுத்து. கணினிக்கு ‘ர’வுக்கும் காலுக்கும் வித்தியாசம் தெரியாது, ‘ண’வையும் ‘ன’வையும் குழப்பும், பூச்சி அரித்த ஓட்டையைப் புள்ளி என்று எழுதும். அதைப் பார்த்துத் திருத்துவதுதான் வேலை. திருத்தாத பக்கம் சிவப்பு. ஒருவர் மெய்ப்புப் பார்த்தால் மஞ்சள். இன்னொருவர் சரிபார்த்தால் பச்சை. ஒரு நூலில் ஒரு பக்கம் மட்டும் செய்துவிட்டுப் போகலாம், மிச்சத்தை வேறு யாராவது செய்வார்கள். அரைப் பக்கத்தில் ஏலாமல் போனாலும் சேமித்துவிட்டு, சிவப்பிலேயே விடலாம். யாரும் கேட்க மாட்டார்கள்.

வாசிக்க மட்டும் விருப்பம் என்றால் நூலகம் தளத்துக்குப் போங்கள். 2005 இல் தொடங்கியது, ஈழத்துப் புத்தகமும் சஞ்சிகையும் பத்திரிகையும் அங்கே கிடக்கின்றன. நாவல் ஓடாத நாளில் பழைய ஈழகேசரிப் பத்திரிகை விளம்பரங்களை வாசிப்பேன். நான்கு வரிதான். சுருட்டு, தைலம், மணமகள் தேவை. தலை கனத்தாலும் நான்கு வரி உள்ளே போகும்.


துறைமுகத்தடி:

ஐயா, மன்னிக்க வேணும். வருத்தக்காரப் பிள்ளைக்கு வேலை பிடிச்சுக் குடுக்கிறீர்களே. சம்பளமும் இல்லை.


ஒப்புநோக்கு:

நீங்கள் மட்டும் ஐஎம்ஓ எண்ணைக் கொப்பியில் பதிவது சம்பளத்துக்கா? வார்ஃப் கிளார்க் இன்னும் வார்ஃபில்தான் நிற்கிறார்.


துறைமுகத்தடி:

அதுவும் சரிதான்.


மூன்றாம்மாடி:

எல்லாருக்கும் நன்றி. பதில் போடப் பிந்திப் போச்சு, மூட்டு வீங்கிக் கிடந்தனான்.

துறைமுகத்தடி அண்ணை, எங்களுக்குக் கடல் முழுசாத் தெரியாது. முன்னால ரெண்டு ஃப்ளாட் கட்டினாப் பிறகு அதுகளுக்கு நடுவில ஒரு கீற்று மட்டும்தான் மிச்சம். கப்பல் ஒரு பக்கத்தால வரும், மற்றப் பக்கத்தால போயிடும். நிக்கிற கப்பல் நிண்டபடி நிக்கும். வாடகைக்கு வரேக்க தரகர் ‘கடல் பார்த்த வீடு’ எண்டு சொல்லித்தான் தந்தவர். அந்தக் கீற்றுக்கு இப்பதான் ஒரு பிரயோசனம் வந்திருக்கு. மகளும் பார்க்கிறாள், கொடியைக் கண்டு தேசப்படத்தில தேடுறாள்.

வல்லாரை அக்கா, பொன்னாங்காணி வேர் விட்டிட்டுது. குசினி யன்னலடியில வைச்சிருக்கிறன், தண்ணி மாத்துறது இவரின்ர பொறுப்பு. மண்ணில நடுறதைப் பற்றிக் கிளினிக்கில கேட்டன், கையுறையோட செய்யலாம், ஆனால் கையில வெட்டுக்காயம் இருக்கிற நாளில வேண்டாம் எண்டிச்சினம். எங்கட வீட்டு வட்டிலப்பம் பக்கத்து வீட்டு ஃபாத்திமா அக்கா தாறதுதான், அதால முட்டைச் சண்டைக்கு நான் வரேல்லை.

தம்பி ஆமைவேகம், கோர்ஸை நிப்பாட்டிட்டன். இவருக்கு முகம் வாடிப் போச்சு. நீர் எழுதினதை அப்படியே வாசிச்சுக் காட்டினன். பேசாமல் கேட்டிட்டு, ‘சரி, ஆனால் செஸ் எண்டால் நான் உன்னோட விளையாடுவன்’ எண்டார். ஒஃபிசில இருந்துகொண்டு காய் நகர்த்துறார். என்னை விட மோசமா விளையாடுறார் எண்டது கலியாணமாகி இத்தினை காலத்துக்குப் பிறகுதான் தெரியுது.

ஒப்புநோக்கு ஐயா, உங்களுக்குத்தான் கூட எழுத வேணும். விக்கிமூலத்தில போய்ப் பார்த்தன். ஒரு பழைய சமையல் புத்தகம் மாதிரி லேசானது ஏதும் கிடைக்கும் எண்டு தேடினன், ஒரு கட்டுரைத் தொகுப்புத்தான் சிவப்புச் சிவப்பாக் கிடந்தது. ஒரு பக்கத்தை எடுத்தன். முதல் வரியிலேயே ‘காரணம்’ எண்டதை ‘கரரணம்’ எண்டு எழுதி வைச்சிருக்கு. எனக்கு உள்ளுக்குள்ள ஏதோ நிமிர்ந்தது. ரெண்டு பக்கமும் சமமா வர வேண்டிய பரீட்சை மீதிக் கணக்கு பத்துச் சதம் இடிச்சால் வாற அதே கோவம். ஓடிட்டர்மாருக்குக் கூட நான் இப்பிடி விட்டதில்லை.

புகார் இறங்கின நாளிலயும் பார்த்தன். கதை விளங்கேல்லை, ஆனால் எழுத்துப் பிழை தெரியுது. இது எனக்கு ஆச்சரியம். விளங்காமலே திருத்தலாமோ?

விரலுக்காக போனில குரலால தட்டச்சுப் போட்டுப் பார்த்தன், அது என்ர வெள்ளவத்தைத் தமிழைச் சென்னைத் தமிழா மாத்துது. அதால பிழையான எழுத்தை மட்டும் ஒரு விரலால மாத்துறன். காலமை இல்லை, பத்து மணிக்குப் பிறகு, விறைப்பு இளகினாப் பிறகு.

ரெண்டு சந்தேகம். வரிக் கடைசியில சொல்லு உடைஞ்சு இணைகோடு போட்டு அடுத்த வரியில தொடருது, அதை அப்பிடியே விடுறதோ சேர்க்கிறதோ? பழைய எழுத்தில ‘ணா’, ‘லை’, ‘னை’ எல்லாம் வேற வடிவத்தில கிடக்கு, அதைக் கணினி விழுங்கிட்டுது.


ஒப்புநோக்கு:

விளங்காமல்தான் திருத்த வேண்டும் அம்மா. எங்கள் பகுதியில் புதிதாய் வருகிற பொடியனுக்கு முதலில் சொல்வது, கதையில் விழாதே என்பதுதான். கதையில் விழுந்தால் கண் தானாகச் சரியான எழுத்தை வாசித்துவிடும். பெரிய செய்தி வந்த நாட்களில்தான் தலைப்பில் பிழை போகும். சில பேர் கடைசிச் சொல்லில் இருந்து பின்னோக்கி வாசிப்பார்கள். புகார் நாளில் அதையும் செய்து பாருங்கள்.

வரிக் கடைசியில் உடைந்த சொல்லைச் சேர்த்து, இணைகோட்டை எடுத்துவிடுங்கள். சொல் அடுத்த பக்கத்துக்குத் தாவினால் மட்டும் கை வைக்காதீர்கள், அதற்கு வேறு வழி இருக்கிறது, பிறகு காட்டுகிறேன். பழைய வடிவ எழுத்தைப் பழையபடி தட்டச்சிடத் தேவையில்லை. எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிந்திய வடிவத்தில், ‘ணா’, ‘லை’, ‘னை’ என்றே இடுங்கள். எழுத்து அதேதான், உருவம் மட்டும்தான் வேறு. ஆனால் ஆசிரியர் ‘வருஷம்’ என்று எழுதியிருந்தால் ‘வருடம்’ ஆக்கக் கூடாது. அவருடைய பிழையும் அவருடையது. கணினியின் பிழையை மட்டும் எடுங்கள்.

தாளின் தலையில் இருக்கும் பக்க எண்ணை உடலில் வைக்காமல், மேலே மேலடி என்று ஒரு தனிப் பெட்டி இருக்கும், அதற்குள் போடுங்கள். நீங்கள் மஞ்சளாக்கிய பக்கத்தின் இணைப்பை இங்கே இடுங்கள். நான் இரவில்தான் உட்காருவேன், பார்த்துப் பச்சையாக்குகிறேன். ஒரு பிழையாவது பிடிக்காமல் விடமாட்டேன், சொல்லிவிட்டேன்.